கிரனாடாவுக்கு ஒரு சின்னப் பெட்டி

ஃபஹாஹீலில் பெட்டிக் கடை வைத்திருக்கிறேன் என்றால் ஊரில் பீடியும் வாழைப்பழமும் விற்கிறேன் என்று நினைத்துவிடுவார்கள். அதனால் லக்கேஜ் ஷாப் என்று சொல்லிக்கொள்வேன். விற்பது பயணப் பெட்டிகள். கடை எனக்கு விசா கொடுத்த குவைத்தி முதலாளியின், அதாவது கஃபீலின், பெயரில் இருக்கிறது, உழைப்பு என்னுடையது, ஏசி மட்டும் யார் பேச்சையும் கேட்காது.

இத்தனை வருடத்தில், பெட்டி கேட்கிற தோரணையை வைத்தே ஆள் எங்கே போகிறான் என்று சொல்லிவிடுவேன். ஊருக்குப் போகிறவன் நேராகப் பெரிய பெட்டிகளிடம் போவான். ஜிப்பை இழுப்பான், கைப்பிடியை ஆட்டுவான், அரை மணி நேரம் பேரம் பேசி என் உயிரை எடுப்பான். சின்னப் பெட்டி கேட்பவர்கள் இரண்டு ரகம். ஒரு ரகம் ஊர் சுற்றப் போகிற ஆபீஸ் ஆட்கள். நிறம் பார்ப்பார்கள், தரையில் உருட்டிப் பார்ப்பார்கள், புருஷனும் பெண்டாட்டியும் சிரித்துக்கொள்வார்கள். இன்னொரு ரகம், பட்டப்பகலில் டியூட்டி உடுப்போடு வந்து, கைக்கு அகப்பட்ட பையை எடுத்துக்கொண்டு விலை கேட்காமல் நோட்டை நீட்டுகிறவர்கள். அவர்களுக்கு ஊரிலிருந்து போன் வந்திருக்கும். அவர்களிடம் நான் பேச்சுக் கொடுப்பதில்லை.

மகளைக் கட்டிக்கொடுத்துச் சென்னைக்கு அனுப்பிய பிறகு வீடு சத்தமில்லாமல் போய்விட்டது. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து பிரியாணி தின்ற அசதியில் நான் சாய்ந்திருந்தபோது மனைவி சொன்னாள்:

"மச்சான், கடையில இருந்து நமக்கும் ஒரு சின்னப் பெட்டி எடுத்துட்டு வாங்களேன்."

"எதுக்கு?"

"கிரனாடாவுக்கு."

அவள் கல்லூரியில் வரலாறு படித்தவள். பாடப் புத்தகத்தில், ஒரு காலத்தில் ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம் சுல்தான்கள் கிரனாடாவில் கட்டிய அல்ஹம்ரா அரண்மனையின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருந்ததாம். அச்சு மோசமாக இருந்ததால் தூண்கள் எல்லாம் கரையான் அரித்த மாதிரித் தெரியுமாம். அந்தத் தூண்களை ஒரு தடவை ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்று கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறாள். நான் சரி என்று சொல்லியிருக்கிறேன். சரி என்று சொன்னதை அவள் மறக்கவில்லை, அதுதான் எனக்கு வந்த வினை.

பிப்ரவரியில் குவைத்தின் நேஷனல் டே விடுமுறை வாரக்கடைசியோடு ஒட்டி வந்தது. இஸ்தான்புல் வழியாக மலாகா, அங்கிருந்து பஸ்ஸில் கிரனாடா. மூன்று ராத்திரி தங்கிவிட்டுத் திரும்பினால் கடை அதிகம் மூடாது. கணக்கெல்லாம் அவளே போட்டு வைத்திருந்தாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு காரணமும் மிச்சம் வைக்கவில்லை.

ஆனாலும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. குவைத்திலிருந்து ஒருவன் விமானம் ஏறினால் அது ஊர்ப் பக்கம்தான் திரும்ப வேண்டும், வேறு பக்கம் திரும்பினால் குற்றம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எங்கள் ராமநாதபுரத்துக் கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் லீவு எங்களுடையது அல்ல. அது கல்யாணங்களுக்கும் சுன்னத்துக் கத்னாக்களுக்கும் மய்யித்து அடக்கங்களுக்கும் வீடு கட்டுவதற்கும் சொந்தம். உம்மாவை இன்னும் ஹஜ்ஜுக்கு அனுப்பாதவன் பெண்டாட்டியோடு ஸ்பெயினுக்குப் போகிறான் என்று தெரிந்தால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று எனக்கு வரி வரியாகத் தெரியும். அதனால் ஊரில் மூச்சு விடக் கூடாது என்பதுதான் முதல் முடிவு. மகளிடம்கூடச் சொல்லவில்லை.

உம்மாவிடம் மறைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பேசுவோம். காக்கா, அதாவது என் அண்ணன், போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். எப்போதும் நெற்றியும் மின்விசிறியும்தான் தெரியும்.

"எப்படா வாறே?"

"நோன்புப் பெருநாளுக்கு வந்துருவேன்மா."

"அதுக்கு முன்னாடி லீவு இல்லையா?"

"இல்லம்மா."

பக்கத்தில் உட்கார்ந்து மனைவி மடிக்கணினியில் அரண்மனை டிக்கெட்டுக்கு நேரம் தேடிக்கொண்டிருப்பாள். பொய் சொன்ன வாயோடு அவளைப் பார்த்து முறைப்பேன். அவள் என்ன செய்வாள், பாவம்.

அந்த ஒரு மாதமும் எங்கள் வீட்டில் ஏற்பாடு இல்லை, போர்தான் நடந்தது. எனக்கு மூன்று நாளும் தூங்க வேண்டும். அவளுக்கு மூன்று நாளும் நடக்க வேண்டும். அல்பைசின் என்று மேட்டில் ஒரு பழைய பகுதி இருக்கிறதாம், அங்கிருந்து சாயங்காலம் அரண்மனையைப் பார்த்தால் சிவந்து தெரியுமாம். அந்த மேட்டில் ஏற எனக்கு நல்ல ஷூ இல்லை என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை. மொராக்கோக்காரர்களின் ஹலால் கடை எந்தச் சந்தில் இருக்கிறது என்பதுவரை கண்டுபிடித்து வைத்திருந்தாள். "மூணு நாளைக்கு இவ்வளவா? நாம என்ன அந்த ஊரைத் திரும்பப் பிடிக்கவா போறோம்?" என்று கேட்டேன். அன்றைக்கு எனக்கு டீ கிடைக்கவில்லை.

விசாவுக்குக் கஃபீலின் கடிதம் வேண்டும். இந்தியாவுக்கு லீவு கேட்டால் முகத்தைச் சுளிக்கிற மனுஷன், ஸ்பெயினின் பழைய அரபிப் பெயரான அந்தலூஸ் என்று சொன்னதும் எழுந்து உட்கார்ந்தார். "வல்லாஹி? பஹுத் அச்சா! மை தீன் தஃபா கயா," என்று அரபியும் இந்தியுமாகக் கலந்து கட்டி, அவர் மூன்று தடவை போன கதையைச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

விசா மையத்தில் வரிசையில் நின்று, விரல் ரேகை வைத்து, இரண்டு பாஸ்போர்ட்டையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தள்ளினோம். அங்கிருந்து அவை தூதரகத்துக்குப் போகும், வர இரண்டு வாரம் ஆகலாம் என்றாள் அந்தப் பெண். ரசீதோடு வெளியே வந்து கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தேன். பாஸ்போர்ட் அலமாரியில் இருக்கிறவரைக்கும் ஊர் கூப்பிடு தூரத்தில் இருக்கிற மாதிரி ஒரு தைரியம். அன்றைக்கு அந்தத் தைரியம் போய்விட்டது. மனைவியிடம் சொன்னேன். "ரெண்டு வாரத்துல என்னா ஆயிரப் போவுது? நல்லதையே நினைங்க மச்சான்," என்றாள்.

நான் கடையிலிருந்து கரும்பச்சை நிறத்தில் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து ஹாலில் வைத்தேன். அவள் அதைப் படுக்கையறைக்குள் உருட்டிக்கொண்டு போய்த் திரும்ப உருட்டிக்கொண்டு வந்தாள். நான் தினமும் பார்க்கிற முதல் ரகம் அது. எனக்கும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு வாரம் கழித்து, காலையில் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது காக்காவிடமிருந்து போன் வந்தது. அந்த நேரத்துக்கு அவர் கூப்பிட்டதே இல்லை.

"தம்பி, உம்மாவுக்குக் கொஞ்சம் முடியல. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிரு. பதறாம வா."

நான், "சரி காக்கா," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

வளைகுடாவில் இருக்கிற எவனுக்கும் ஊர்ப் போனின் பாஷை தெரியும். சும்மா காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். சீரியஸ் என்றால் முடிந்துவிட்டது. ஒரு எட்டு வந்துவிட்டுப் போ, பதறாமல் வா என்றால் குளிப்பாட்டிக் கபன் துணி போட்டாகிவிட்டது. தூரத்தில் தனியாக இருக்கிறவன், நேரடியாகச் சொன்னால் தாங்க மாட்டான், வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான், உயரத்தில் வேலை செய்துகொண்டிருப்பான் என்று இப்படிப் பேசப் பழகிவிட்டார்கள். கேட்கிறவனும் திருப்பிக் கேட்க மாட்டான். கேட்டால் அவர்கள் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டிவரும், அது மரியாதை இல்லை.

எனக்கு இது ஏட்டுப் படிப்பு இல்லை. வாப்பா போனபோது இதே காக்கா, இதே மாதிரி, "வாப்பாவுக்கு லேசா மயக்கம், வந்துட்டுப் போ," என்றுதான் சொன்னார். நான் பழங்களும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனேன். மதுரை விமான நிலையத்தில் அழைக்க வந்த வேன் வீட்டுக்குப் போகாமல் கபர்ஸ்தானுக்குப் போனது. பழப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு வாப்பாவைப் புதைத்த ஈர மண்ணுக்கு முன்னால் நின்றேன். இனி எந்தப் போனுக்கும் ஏமாற மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதற்குப் பிறகு நாங்கள் குடியிருக்கிற இந்தக் கட்டடத்தில் யாருக்கு ஊர்ப் போன் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். ஊரில் சொன்னதை அப்படியே சொல்லு என்பேன். கேட்டுவிட்டு, பொறுமையாக இரு என்று தோளைத் தட்டுவேன். ஒரு தடவையும் என் கணிப்பு தப்பியதில்லை.

ஷட்டரைப் பாதியிலேயே இறக்கிவிட்டு விசா மையத்துக்கு ஓடினேன். பாஸ்போர்ட் தூதரகத்தில் இருக்கிறது, விண்ணப்பத்தை வாபஸ் வாங்குவதாக எழுதிக் கொடுத்தால் திரும்ப வரவழைப்பார்கள், அதற்கும் சில நாள் ஆகும் என்றார்கள். சில நாள். நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சுவரில் ஐரோப்பிய ஊர்களின் படங்கள் வரிசையாக இருந்தன. அத்தனையையும் கிழித்துப் போட வேண்டும் போல ஆத்திரம் வந்தது. எங்களில் மய்யித்தைக் காக்க வைக்க மாட்டார்கள். இன்றைக்குச் சாயங்கால அஸர் தொழுகைக்குள் அடக்கம் முடிந்துவிடும். மூன்றாம் நாள் ஓதுகிற பாத்திஹாவுக்கும் போய்ச் சேர முடியாது. முகம் பார்க்க வழியில்லாதபோது இனி ஓடி என்ன, நடந்து என்ன என்று ஒரு வெறுப்பு. வாபஸ் எழுதிக் கொடுக்காமலே எழுந்து வந்துவிட்டேன். விசாவோடு வரும்போது வரட்டும், நாற்பதாம் நாளுக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் கதறி அழுதாள். அழுது முடித்துவிட்டு, "ஒரு வாட்டி போன் போட்டுக் கேட்டுருவோமா மச்சான்?" என்றாள்.

"என்னா கேட்கப் போறே? அவங்க வாயால சொல்ல வைக்கணுமா உனக்கு? வாப்பாவுக்கு நடந்தது பத்தாதா?"

வெளியே கேட்கிற அளவுக்குக் கத்திவிட்டேன். அவள் கையில் எடுத்த போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பார்த்தேன். தினமும் ஐம்பது காலை வணக்கம் வருகிற குழுவில் அன்றைக்கு ஒன்றும் இல்லை. நான் பார்த்துவிடுவேன் என்று எல்லோரும் அடக்கி வாசிக்கிறார்கள், இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எதிர் ஃபிளாட்டில் நாகூர் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு இருக்கிறார். அவர் ஊர் வழக்கப்படி என்னை அண்ணன் என்பதற்கு நானா என்றுதான் கூப்பிடுவார். நான் கத்தியதைக் கேட்டு ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் என்னைக் கட்டிக்கொண்டார். அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு கட்டடத்துத் தமிழ் ஆட்கள் எங்கள் ஹாலில் கூடினார்கள். மேல் மாடியில் இருக்கிற புதுக்கோட்டைத் தம்பிகள்கூட, தொழத் தெரியாதவர்கள், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார்கள். உடல் முன்னால் இல்லாமல், தூரத்தில் இறந்தவருக்காகத் தொழுகிற காயிப் ஜனாஸா தொழுகையை நாகூர் நண்பர் முன்னால் நின்று தொழவைத்தார். நான்கு தக்பீர். நான்கு தடவை அல்லாஹு அக்பர் சொல்வதோடு சரி, குனிவது இல்லை, தரையில் நெற்றி வைக்கிற சுஜூது இல்லை, நின்றபடியே எல்லாம் முடிந்துவிடும். இவ்வளவு சீக்கிரம் முடிகிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது. ஸலாம் கொடுத்துத் திரும்பியதும் பக்கத்தில் நின்றவர் மேல் சாய்ந்து விழுந்தேன். சோபாவில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் சத்தம் போட்டு அழுதேன். என் வாழ்க்கையில் அப்படி அழுததில்லை.

அடுத்த நாள் வீட்டிலேயே கிடந்தேன். அதற்கு மறுநாள், சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் கடையைத் திறந்தேன். மதியம் ஒரு மலையாளிக் குடும்பம் பெட்டி பார்த்துக்கொண்டிருந்தது. போன் அடித்தது. திரையில் உம்மா என்று வந்தது. உம்மாவின் போனிலிருந்து காக்கா பேசுகிறார், இப்போது சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு எடுத்தேன்.

"என்னடா, எனக்கு ஜனாஸா தொழுதுட்டியாமே?"

உம்மாவின் குரல். மூச்சு வாங்கிய குரல், ஆனால் அவள் குரல்.

பெட்டி பார்த்தவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.

"நாகூர்க்காரர் வீட்டம்மாவோட சின்னம்மா மகளைப் பக்கத்துத் தெருவுல கட்டிக் கொடுத்துருக்காம். அந்தப் புள்ள முக்காட்டைப் போட்டுக்கிட்டு அழுதுக்கிட்டே வருது. நான் கட்டில்ல கெடந்துக்கிட்டு, யாரு மவுத்துன்னு கேக்குறேன். அது என்னையப் பாத்துட்டு அலறிக்கிட்டு ஓடுது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமானது. பிறகு சிரிக்கவில்லை. "காக்கா, தம்பிக்குச் சொல்லிட்டேன், வந்துக்கிட்டு இருப்பான்னு சொன்னான். ஏர்போட்டுல இருந்தாவது ஒரு போன் பண்ணுவேன்னு போனைத் தலைமாட்டுலயே வச்சுக்கிட்டுக் கெடந்தேன்டா. ஒரு வாட்டி அடிக்கலையே நீ."

நான் கவுண்டருக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மலையாளிப் பெண் எட்டிப் பார்த்து, "சேட்டா, எந்தா பற்றியது?" என்று கேட்டாள். என்ன சொல்ல? என் தாய் மய்யித்திலிருந்து எழுந்து வந்துவிட்டாள் என்று சொல்லவா?

காக்கா போனை வாங்கினார். உம்மாவுக்கு மூச்சுத்திணறல், இதயம் பலவீனமாகிவிட்டது, அன்றைக்குக் குடும்பமே ஆஸ்பத்திரியில்தான் கிடந்தது, அங்கே பார்த்துவிட்டு வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள், உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள் என்றார். "கொஞ்சம் முடியலன்னுதானடா சொன்னேன்? அதுக்கு மேல என்னான்னு ஒரு வார்த்தை கேட்டியா நீ?" என்று கத்தினார். நானும் பதிலுக்குக் கத்தினேன். "வாப்பாவுக்கும் இப்படித்தானே சொன்னிய? எது நெசம், எது பொய்யின்னு எனக்கு எப்படித் தெரியும்?" இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். வாபஸ் எழுதிக் கொடுக்கப் போனேன். இரண்டு நாளுக்கு முன்னால் எழுதிக் கொடுத்திருந்தால் இதற்குள் வந்திருக்கும் என்றாள் அந்தப் பெண். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது, அடிப்பதற்கு என்னைத் தவிர வேறு ஆள் அங்கே இல்லை. இனி வாபஸை விட விசாவே சீக்கிரம் வந்துவிடும், எப்படியும் முடிகிற கட்டம் என்று அவளே விசாரித்துச் சொன்னாள். அந்த நாட்களில் எத்தனை தடவை உம்மாவைக் கூப்பிட்டேன் என்று கணக்கில்லை. காலையில் கூப்பிடுவேன், கடையிலிருந்து கூப்பிடுவேன், சோற்றைப் பிசைந்துகொண்டே கூப்பிடுவேன். "இருக்கேன்டா, இருக்கேன், போய் வேலையைப் பாரு," என்று அலுத்துக்கொள்வாள்.

பாஸ்போர்ட் வந்தது. உள்ளே கிரனாடாவுக்கான விசா பளபளவென்று ஒட்டியிருந்தது. "என்ஜாய் யுவர் ட்ரிப்," என்றாள் கவுண்டர் பெண். மனைவி அதைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மூடினாள். கரும்பச்சைப் பெட்டியில் வைத்திருந்த கம்பளி உடுப்புகளை எடுத்துப் போட்டுவிட்டு, உம்மாவுக்கு மெத்தென்ற போர்வையும் சர்க்கரை இல்லாத பிஸ்கட்டும் அடுக்கினாள். அன்று ராத்திரியே கொழும்பு வழியாக மதுரைக்கு ஏறினோம். இந்த முறை நானே காக்காவிடம் சொல்லி வைத்தேன், வேன் நேராக வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று. வீட்டு வாசலில் செருப்புகள் அதிகமாகக் கிடக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன்.

உம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். என் கன்னத்தைத் தடவி, "மய்யித்தைப் பாக்க வந்தியா?" என்றாள். நான் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டேன்.

நாங்கள் கிரனாடாவில் இருந்திருக்க வேண்டிய வாரக்கடைசி அந்த அறையில்தான் கழிந்தது. மனைவிதான் போட்டு உடைத்தாள். பாஸ்போர்ட் ஏன் அப்போது கையில் இல்லை என்று காக்கா குடைந்துகொண்டே இருந்தார். நான் ஏதேதோ உளறிக்கொண்டிருந்தேன். "நாங்க ஊரு சுத்திப் பாக்க விசாவுக்குக் குடுத்துருந்தோம் மாமி. நான்தான் ஆசைப்பட்டேன்," என்று அவள் உம்மாவின் காலடியில் உட்கார்ந்து சொன்னாள். காக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து நான் தலையைக் குனிந்துகொண்டேன். உம்மா மட்டும், "எந்த ஊரு? போட்டோ இருக்கா?" என்று கேட்டாள்.

மனைவி போனில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். சிங்கங்கள் சுமக்கிற தொட்டி, சுவரெல்லாம் அரபி எழுத்து, குளத்தில் தலைகீழாகத் தெரியும் கோபுரம். உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை எட்டத்தில் பிடித்துப் பார்த்தாள். "எழுத்து எவ்வளவு சின்னதா கொத்திருக்கான் பாரு," என்றாள். "படி நெறைய இருக்குமா?" என்று கேட்டாள். நிறைய என்றதும், "அப்ப இவன் பாதியிலயே உக்காந்துருப்பான்," என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "என்கிட்ட ஏண்டா மறைச்சே? நான் என்ன போவாதேன்னா சொல்லிருப்பேன்?" சொல்லியிருக்க மாட்டாள் என்பது எனக்கு இப்போதும் உறுதி இல்லை. ஆனால் அவள் கேட்டது வலித்தது.

நான் கிளம்புகிற அன்று உம்மா காக்காவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"நான் மவுத்தாப் போனா, மவுத்தாப் போயிட்டேன்னே அவன்கிட்டச் சொல்லு. உசுரோட இருந்தேன்னா, போனை என் கையில குடு. இனிமே இந்த நடுவாந்தரப் பேச்செல்லாம் எனக்கு வேணாம்."

காக்கா அழுதுகொண்டே தலையை ஆட்டினார்.

நோன்புப் பெருநாளுக்கும் போனேன். விடுமுறை போதவில்லை, திரும்பி வந்தேன். ஹஜ் பெருநாள் கழிந்த ஒரு காலையில் காக்காவின் போன் வந்தது. "தம்பி," என்றார். திரும்பவும் ஒரு தடவை தம்பி என்றார். "உம்மா மவுத்தாயிட்டாங்க. விடியல்ல, சுபுஹு நேரத்துல. அஸருக்கு அடக்கம்." சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். பாஸ்போர்ட் அலமாரியில்தான் இருந்தது, அஸருக்குள் போய்ச் சேர விமானம்தான் இல்லை. வீடியோவில் காட்டட்டுமா என்று கேட்டார். காட்டச் சொன்னேன்.

எதிர் ஃபிளாட்டில் தட்டிச் சொன்னேன். நாகூர் நண்பர் என் தோளைத் தொட வந்த கையைப் பாதியில் நிறுத்தி, "உறுதியாத் தெரியுமா நானா?" என்றார். கேட்டதும் அவருக்கே முகம் செத்துவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கேட்டதில் தப்பில்லை. காக்கா வாயாலேயே சொல்லிவிட்டார் என்றேன்.

மஃரிபுக்குப் பிறகு அதே ஆட்கள், அதே ஹாலில், அதே நான்கு தக்பீர். எல்லோரும் என்னைப் பிடித்துக்கொள்ளத் தயாராக நின்றார்கள். நான் விழவில்லை. வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கச் சொன்னேன். முதல் தடவை அழுத அளவுக்கு இந்தத் தடவை நான் அழவில்லை என்று மனைவி பின்னால் ஒரு நாள் சொன்னாள், மனசு மரத்துவிட்டதோ என்று பயந்துபோனாளாம். மரக்கவில்லை. இந்தத் தடவை அழுவதற்கு உம்மாவின் மரணம் மட்டும்தான் இருந்தது, அவளிடம் மறைத்த பொய் எதுவும் இல்லை. முதல் தடவை நான் அப்படி அழுதுகொண்டிருந்தபோது அவள் உயிரோடு, தலைமாட்டில் போனை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். கூப்பிட்டிருந்தால் எடுத்திருப்பாள்.